கிள்ளி எறியும் முதல் பூ

ஐப்பசி மழைக்கு நட்ட ஒட்டு மாங்கன்று, தை பிறந்ததும் பூத்து நிற்கும். முழங்கால் உயரம்தான் இருக்கும். தண்டு விரல் பருமன்கூட இராது. அந்தப் பூங்கொத்தைக் கிள்ளி எறிய யாருக்கும் எளிதில் மனசு வராது. ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும், முதல் மூன்று வருடங்களுக்கு.

இத்தனை சிறிய கன்று எப்படிப் பூக்கிறது? கொட்டை முளைத்து வளரும் மா, பூக்கும் பருவத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்றின் மேல்பாதியோ, மல்கோவா போன்ற ஒரு ரகத்தின் காய்த்துக்கொண்டிருக்கும் தாய்மரத்தில் வெட்டிய குச்சி. வெட்டியதால் அதன் பருவம் பின்னோக்கிப் போய்விடுவதில்லை. கீழ்ப்பாதிதான் நாட்டு மாங்கொட்டையிலிருந்து அண்மையில் முளைத்த பிள்ளை. முதிர்ந்த ஓர் உடலை அந்தப் பிள்ளை வேர் சுமக்கிறது. இந்நிலையில் காய் பிடித்தால், இலை சமைக்கும் சர்க்கரை காய்க்கே போய்விடும், வேர் இளைத்துப்போகும்.

இந்த இரண்டு உடல்கள் சேரும் இடம்தான் என்னை எப்போதும் வியக்க வைப்பது. பட்டைக்குச் சற்று உள்ளே கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு இருக்கிறது. தண்டைத் தடிக்கச் செய்வது அதுதான். இரண்டு வெட்டுவாய்களின் கேம்பியமும் தொட்டுக்கொள்ளும்படி கட்டினால், காயத்திலிருந்து உருவமற்ற செல்கள் பெருகி இடைவெளியை நிரப்பும். பிறகு அவற்றுக்குள் புதிய குழாய்கள் உருவாகி, நீர் மேலேறும், சர்க்கரை கீழிறங்கும். செல்சுவரைச் சற்றே கரைக்கும் ஒரு நொதி இந்த ஒட்டுதலுக்கு உதவுவதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புகையிலை இனச் செடி ஒன்றில் கண்டு 2020-இல் வெளியிட்டார்கள். தென்னைக்கும் பனைக்கும் இந்தக் கேம்பியம் இல்லை. தோட்டத்தில் யாரும் அவற்றில் ஒட்டுக் கட்டாததற்குக் காரணம் அதுவே.

வெட்டுப்பட்ட பழைய கட்டை மட்டும் ஒருபோதும் ஒட்டுவதில்லை. அதைச் சுற்றிப் புதிதாக வளரும் கட்டைதான் இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. அது தடிக்கும்வரை ஆடிக்காற்றில் ஒட்டு பிளந்துபோகலாம். எனவே பக்கத்தில் ஒரு கழி ஊன்றி, பழந்துணியை எட்டு வடிவில் சுற்றித் தளர்வாகக் கட்டுகிறோம். அசையாமல் இறுக்கிக் கட்டுவது தவறு. கொஞ்சம் ஆடும் தண்டுதான் உரம் பெறும்.

ஒட்டைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் நாடாவை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. ஒட்டு பிடித்தபின் அதை அவிழ்த்துவிட வேண்டும். தண்டு தடிக்கத் தடிக்க நாடா பட்டைக்குள் புதையும். சர்க்கரை இறங்கும் வழி பட்டையிலேயே இருப்பதால், நாடாவுக்கு மேலே தண்டு வீங்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும்.

ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ள வேண்டும். அது நாட்டு மாவின் துளிர். வேருக்குச் சொந்தக் கிளை. விட்டுவைத்தால் மேலே இருக்கும் மல்கோவாவை மெலியச் செய்து, தானே மரமாகிவிடும். சிறிய இலை என்று இரக்கப்பட்டு மல்கோவாவை இழந்தவர்கள் உண்டு.

கன்று இரண்டு, மூன்று அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் கிளை பிரியும். நுனிமொட்டு அனுப்பும் ஆக்சின் கீழ்மொட்டுகளை உறங்க வைத்திருக்கிறது. அது நின்றதும் அவை விழித்துக்கொள்கின்றன. திசைக்கு ஒன்றாக மூன்று, நான்கு கிளைகளை மட்டும், தண்டில் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டால் போதும். ஆட்டுக்கு முள்வேலியும் சித்திரை வெயிலுக்குப் பனையோலை மறைப்பும் சொல்லாமலே தெரிந்தவை.

வயதான மல்கோவா மரத்தடியில் ஒருநாள் குனிந்து பாருங்கள். பல மரங்களில் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் பட்டையின் வெடிப்பு மாறும் இடம் தெரியும். இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தும் மேல் செல் மேலேயும் கீழ்ச் செல் கீழேயும் தத்தம் இயல்போடு இருக்கின்றன. அந்த இடத்துக்குக் கீழே மரத்தை வெட்டினால், துளிர்ப்பது நாட்டு மாதான்.