வாயைக் கட்டச் சொல்லும் முன்...

உடம்பு பெருத்தவர்களுக்கு ஊரே சொல்லும் யோசனை: "வாயைக் கட்டு." பசி என்பது மனக்கட்டுப்பாடு மட்டும்தான் என்ற நம்பிக்கை நமக்கு அவ்வளவு உறுதி. இங்கிலாந்தில் இரண்டு குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை அதை அசைத்துவிட்டது.

86 கிலோ சிறுமி

சிறுமிக்கு வயது எட்டு, எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரப் பையன் இரண்டு வயதிலேயே 29 கிலோ. பிறந்தபோது இருவரும் இயல்பான எடைதான். பிறகு வந்த பசிதான் அடங்கவே இல்லை. சாப்பிட்ட கையோடு மறுபடி கேட்பார்கள். இவர்கள் ரத்தத்தில் லெப்டின் என்ற ஹார்மோன் ஏறக்குறைய இல்லை என்று 1997-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். மரபணுக் கோளாறு.

லெப்டினைச் சுரப்பது நம் உடம்பின் கொழுப்பு. 'இருப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று மூளையின் ஹைப்போதலாமஸுக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அந்தத் தகவல் போகாததால், 86 கிலோ உடம்பையும் மூளை பட்டினி கிடப்பதாகவே எடுத்துக்கொண்டது. தினமும் லெப்டின் ஊசி போட்டதும் சிறுமியின் பசி தணிந்தது. ஓராண்டில் சுமார் 16 கிலோ குறைந்தாள். எந்த அதட்டலும் இதைச் செய்திருக்காது.

எல்லோரும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா? பயனில்லை. இந்தக் குறைபாடு மிக அரிது. உடல் பருமன் உள்ள பெரும்பாலோருக்கு லெப்டின் ஏராளமாகவே இருக்கிறது. மூளைதான் அதைக் காதில் வாங்குவதில்லை.

இளைத்த பிறகும் விடாத பசி

லெப்டினுக்கு எதிர்த்திசையில் இழுப்பது கிரெலின். வயிறு சுரக்கும் இந்த ஹார்மோனை 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். டயட் இருந்து இளைத்தவர்களுக்கு இதன் அளவு முன்பைவிடக் கூடுகிறது. குறைந்த எடை திரும்ப ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்; சோம்பேறித்தனம் என்று பழி போடுவது நியாயமில்லை.

தூக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2004-ல் வெளியான சிகாகோ ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்க விட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் குறைந்து, கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பிலும் மாவுப் பண்டங்களிலும் நாட்டம் அதிகரித்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

எப்போது மருத்துவரிடம்?

எடை குறைப்பு மருந்தாக இப்போது பேசப்படும் செமக்ளூடைடு, ஜி.எல்.பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போல மூளையில் வேலை செய்து பசியைக் குறைக்கிறது. குமட்டல், வாந்தி வரலாம். நிறுத்தினால் எடை திரும்புவது சகஜம். மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது. முதல் ஓரிரு வயதிலேயே குழந்தைக்குப் பசி அடங்காமல் எடை மளமளவென்று ஏறினால், திட்டுவதை விட்டுவிட்டு ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள்.