ஆகாய வழியும் வாசற்படியும்

குச்சவெளிக் கடற்கரையிலிருந்து சென்னைக்கு ஒரு நேர்கோடு வரைந்தால், அதன் நீளம் ஏறக்குறைய 470 கிலோமீற்றர். இடையே கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும் மேற்படிப்புக்கோ வைத்தியத்துக்கோ சென்னை செல்லும் நம்மவர் எவரும் அக்கோட்டின் வழியே செல்வதில்லை.

அருகே சீனக்குடாவில் ஓடுபாதை உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இலக்கான பழைய தளம் அது. இன்று விமானப்படையின் பயிற்சிக் கழகம் அங்கே இருக்கிறது. எனினும் சென்னைப் பிரயாணி கட்டுநாயக்காவுக்கோ பலாலிக்கோ போயே விமானம் ஏற வேண்டும்.

இவ்விரண்டுள் எது சென்னைக்கு அண்மையானது? மாணவர்கள் தேசப்படத்தைக் கொண்டு தாமே கணக்கிடலாம். மூன்று நிலையங்களும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில் அமைந்திருப்பதால், அகலக்கோடுகளின் வித்தியாசமே போதும். ஒரு பாகை 111 கிலோமீற்றர். சென்னை 13 பாகையிலும், பலாலி 9.8 பாகையிலும், கட்டுநாயக்கா 7.2 பாகையிலும் உள்ளன. ஆகவே பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து சுமார் 644 கிலோமீற்றர்.

தூரம் பாதியளவு குறைந்தால் நேரமும் பாதியாகும் என்று எண்ணத் தோன்றும். அஃது அவ்வாறன்று. கட்டுநாயக்காவிலிருந்து செல்லும் ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பறப்பது. பலாலியிலிருந்து செல்லும் விசிறி விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றரே. அன்றியும், ஓடுபாதையை அடைதல், மேலெழுதல், கீழிறங்குதல் ஆகியவற்றுக்குக் குறுகிய பயணத்திலும் நேரம் செலவாகிறது. ஆதலால் இரு வழிகளிலும் பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றே கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரையாகும்.

பலாலி வழி புதியதன்று. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை விமான நிலையத்தின் வழியாகச் சென்னைக்கு நடைபெற்றது. அந்த நிலையமே பலாலி. நெடுங்காலம் தடைப்பட்டிருந்த அவ்வழி 2019 நவம்பரில் மீண்டும் திறக்கப்பெற்று, கொள்ளைநோயால் 2020இல் நின்று, 2022 டிசம்பர் 12 முதல் மறுபடியும் நடைபெறலாயிற்று.

ஆயின் நம்மூர்க் குடும்பங்களுக்கு உண்மையான பிரயாணம் ஓடுபாதையில் தொடங்குவதில்லை, வாசற்படியில் தொடங்குகிறது. ஹபறணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகக் கட்டுநாயக்காவுக்குச் சென்றாலும், வவுனியா, ஆனையிறவு வழியாகப் பலாலிக்குச் சென்றாலும், பஸ்ஸில் ஐந்தாறு மணித்தியாலங்கள் கழிந்துவிடும். விமானம் புறப்படுமுன் நிலையத்தில் காத்திருக்கும் மூன்று மணியையும் சேர்த்தால், வானத்தில் செல்லும் நேரம் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கேனும் தேறுமா என்பது ஐயமே.

ஆகவே நோயாளியை அழைத்துச் செல்வோர், பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடலாகாது. முதல்நாளே புறப்பட்டு, நிலையத்துக்கு அண்மையில் இரவு தங்கி, மறுநாள் விமானம் ஏறுவது உடலுக்கு நன்று. பிரயாணச்சீட்டு வாங்குமுன் கட்டணத்தோடு தரைவழிச் செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். மாணவர்கள் இக்கணக்கைத் தம் பெற்றோருக்குச் செய்து காட்டுவாராயின், பள்ளியிற் கற்ற பூமிசாத்திரம் வீட்டுக்கும் பயன்பட்டதாகும்.