சக்கையும் சரக்காகும்

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கிடக்கும் காலாப்பட்டு, மீன்பிடித் தொழிலுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஊர். முற்காலத்தில் நம் கடற்கரைகளில் பருத்தி நூலாலும் சணலாலும் வலை பின்னினார்கள். கிழிந்த வலை மண்ணோடு மண்ணாக மக்கிவிடும். இன்றோ எங்கும் நைலான் வலை. அது கிழிந்த பின்பும் அழிவதில்லை. கரையில் கிடந்தால் குப்பை. கடலில் கிடந்தால் ஆமைக்கும் மீனுக்கும் கண்ணி.

அந்தக் கிழிந்த வலை ஓர் ஆலைக்கு மூலப்பொருளாகும் என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். இத்தாலி நாட்டு அக்குவாஃபில் நிறுவனம், ஸ்லோவீனியாவின் லியூப்லியானா நகரில், 2011ஆம் ஆண்டு முதல் இதைச் செய்துவருகிறது. பழைய மீன்வலையிலும் தரைவிரிப்பிலும் உள்ள நைலானை ரசாயன முறையால் அதன் மூலப்பொருளாகப் பிரித்து, மறுபடியும் புது நூலாக இழுக்கிறார்கள். எடுப்பது, செய்வது, விற்பது, எறிவது என்ற நேர்வழியை விட்டு, எறியப்பட்டதையே மீண்டும் தொழிலுக்குள் கொண்டுவரும் இம்முறையைச் ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்கிறார்கள். பெயர்தான் புதிது. பழம்புடவை தூளியாகி, தூளி கரித்துணியான கதை நம் பாட்டிமார் அறிந்ததே. ஆனால் வீட்டில் சிக்கனமாக இருப்பது வேறு. வணிகத்தில் நட்டமின்றி இதை நடத்துவது வேறு.

அவ்வாறு நடத்திக் காட்டும் தொழிற்கூடம் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகிதத் தொழிற்கூடம் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பனியன் முதலிய உடைகள் தைக்குமிடங்களில் வெட்டியது போக எஞ்சும் பருத்தித் துண்டுகளே அங்கே காகிதமாகின்றன. துண்டுகளைப் பொறுக்கி, பொடியாக நறுக்கி, நீரில் இட்டு அரைத்துக் கூழாக்குகிறார்கள். கூழைச் சல்லடைச் சட்டத்தில் ஏந்தி, நீர் வடித்து, அழுத்தி உலர்த்தினால் தாள். மரத்திலிருந்து காகிதம் செய்ய, மரநாரோடு ஒட்டியிருக்கும் பசைப்பொருளைக் கடுமையான ரசாயனங்களால் நீக்கியாக வேண்டும். பருத்திக்கு அத்தொல்லை பெரும்பாலும் இல்லை. அது ஏறக்குறையத் தூய நாரே.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. துண்டுகளில் செயற்கை இழை கலந்திருந்தால் அது கூழாகாது. தாளில் திட்டுத் திட்டாக நின்று காரியத்தைக் கெடுக்கும். ஆகவே கந்தலின் விலையை நிர்ணயிப்பது காகிதக்காரரன்று. துணி வெட்டும் மேசையருகே ஒரு கூடைக்குப் பதில் இரண்டு கூடை வைக்கும் தையற்கூடத்தாரே! மீன்வலைக்கும் இதே நியாயம்தான். மிதவையையும் ஈயக்குண்டையும் வேறுவகைக் கயிற்றையும் கழற்றிய வலைக்கே நைலான் என்ற மதிப்பு. எல்லாம் சேர்ந்து கிடந்தால் அதன் பெயர் குப்பைதான்.

அடுத்தது கைம்மாறு. கரூர் அருகே காகிதபுரத்தில் ஆலை நடத்தும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் நிறுவப்பெற்றது. அதன் முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சக்கை வீண்பொருளன்று, சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கு அதுவே விறகு. அதைக் காகித ஆலை எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஆலை எதை எரிக்கும்? அதற்கு ஈடாக நீராவியோ மாற்று எரிபொருளோ கொடுப்பதென்று உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் கழிவை மற்றவர் இலவசமாக எதிர்பார்த்திருந்தால் அந்த ஏற்பாடு ஒரு பருவம்கூட நிலைத்திராது.

எல்லா இடத்திலும் காரியம் இப்படி இணக்கமாக முடிந்ததில்லை. திருப்பூரின் சாயநீர் நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாயிற்று. உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அதன் பின்னரே, கழிவுநீரை நுண்சவ்வுகளின் வழியே அழுத்தியும் கொதிக்கவைத்தும் நீரைப் பெரும்பகுதி மீட்கும் முறை அங்கே வேரூன்றியது. சாயம் ஏற்றுவதற்குச் சேர்க்கும் உப்பும் உப்புநீராகத் திரும்பிவந்து மறுபடி பயன்படுகிறது. செலவு மிகுதி, மீட்க முடியாத கலப்பு உப்பு தனிச் சிக்கல். எனினும் முன்கூட்டியே செய்திருந்தால் ஆறும் கூலியும் ஒருங்கே போயிரா என்பது என் கருத்து.

காலாப்பட்டுச் சாலையோரத்துச் சிற்றுண்டிச் சாலைக்காரருக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. பலமுறை காய்ந்த எண்ணெயில் துருவப் பொருள்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அதில் சமைக்கலாகாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், நீர் கலவாமல் தனிக் கலத்தில் சேர்த்தால், உயிர்டீசல் செய்வோர் வாங்கிக்கொள்வார்கள். இளநீர்க் கடைக்காரரின் மட்டையும் நாராகவும் உரமாகவும் ஆகத் தக்கதே.

இடையூறு அளவில்தான். ஒரு கடையின் எண்ணெயோ ஒரு படகின் வலையோ வண்டி கொள்ளாது. வண்டிச் சத்தமே விலையை விழுங்கிவிடும். பத்துப் பேர் கூடி ஒரு கொட்டகையும், பொருளை அழுத்திப் பொதியாகக் கட்டும் பொறி ஒன்றும் வைத்துக்கொண்டால், காற்றை ஏற்றிச் செல்லும் லாரிக்குக் கூலி கொடுக்க வேண்டியிராது.