சுகப்பிரசவம் என்ற சொல்லுக்குள் வலி

வயிற்றில் கத்தி படாமல் பிள்ளை பிறந்து, தாயும் சேயும் நலமாக இருந்தால் அதைச் சுகப்பிரசவம் என்கிறோம். பெற்றவள் பன்னிரண்டு மணி நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறியிருந்தாலும் பெயர் அதுதான். பிள்ளை வந்த வழியைச் சொல்லும் அந்தச் சொல், தாய் பட்ட பாட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. வலி குறைக்கும் ஊசியைப் பற்றிய பேச்சும் இந்தக் குழப்பத்தில்தான் சிக்கிக் கிடக்கிறது. ஊசி போட்டால் இயற்கை கெட்டுவிடும், கடைசியில் ஆபரேஷனில்தான் போய் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 குழந்தைகள் அறுவைச் சிகிச்சையில்தான் பிறந்தன; தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. இதற்குப் பல காரணங்கள் உண்டு. "என்னால முடியல, கிழிச்சாவது எடுத்துடுங்க" என்று கெஞ்ச வைக்கும் வலியும் அதைப் பற்றிய பயமும் அவற்றில் அடக்கம். ஆகவே, வலிக்கு வழி செய்வதைச் சுகப்பிரசவத்தின் எதிரியாக அல்ல, அதன் துணையாகவே பார்க்க வேண்டும்.

இந்த வழக்கு பழையது. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது, பெண் வேதனையோடுதான் பெற வேண்டும் என்று வேதாகமத்தைக் காட்டி மறுத்தவர்கள் இருந்தார்கள். 1853இல் விக்டோரியா மகாராணியே எட்டாவது பிரசவத்தில் அதை முகர்ந்த பிறகு எதிர்ப்பின் சூடு தணிந்தது. பிறகு காற்று மறுபக்கம் வீசியது. 1933இல் 'இயற்கைப் பிரசவம்' என்ற பெயரிலேயே புத்தகம் எழுதிய கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கில மருத்துவர், பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்றார். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் காலத்து மருந்துகள் தாயை அரைமயக்கத்தில் ஆழ்த்தி, பிள்ளை பிறந்த நினைவே இல்லாமல் செய்துவிடக்கூடியவை. அவற்றுக்குச் சொன்ன குற்றச்சாட்டை இன்றைய ஊசியின் தலையில் அப்படியே சுமத்துவது நியாயமில்லை.

இன்றைய ஊசி, அதாவது எபிடூரல், எப்படிப் போடப்படுகிறது? ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கிடைக்கும் சிறு இடைவெளியில், தாய் தலையணையைக் கட்டிக்கொண்டு இறால் மாதிரி முதுகை வளைத்து உட்காருவாள். நர்ஸ் தோளைப் பிடித்துக்கொள்வார். தண்டுவடம் முடிந்துபோகும் இடத்துக்கும் கீழே, இடுப்புப் பகுதியில் ஊசி இறங்கும். நூல் போன்ற ஒரு குழாயை உள்ளே விட்டுவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள். அந்தக் குழாய் வழியே மருந்து சிறுகச் சிறுகப் போகும். கால் மணி, இருபது நிமிடத்தில் வலி அடங்கத் தொடங்கும். தாய் முழு நினைவோடு இருப்பாள், பேசுவாள், முக்கச் சொன்னால் முக்குவாள்.

ஆபரேஷனில் முடியும் என்ற பயத்துக்குப் பதில் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஏறத்தாழ 11,000 பெண்களிடம் நடந்த நாற்பது சோதனைகளைத் தொகுத்து 2018இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், எபிடூரலால் சிசேரியன் கூடவில்லை. ஆயுதம் போட்டு எடுப்பது பழைய சோதனைகளில் கூடியிருந்தது; 2005க்குப் பிந்தைய சோதனைகளை மட்டும் பார்த்தபோது அந்த வித்தியாசமும் தெரியவில்லை. மருந்தின் அளவு குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம். "அந்த ஊசியாலதான் எனக்கு இன்னைக்கும் முதுகு வலி" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் புகார். ஆனால் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நாள்பட்ட முதுகு வலியில் வேறுபாடு காணப்படவில்லை. பிள்ளையைத் தூக்கித் தூக்கி, குனிந்து நிமிர்ந்து வரும் வலிக்கும் ஊசியே பழி சுமக்கிறது. அதற்காக ஊசியில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், கால் மரத்துப்போகலாம், முக்கும் கட்டம் நீளலாம். சிலருக்கு, ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு, கடும் தலைவலி வரும். ரத்தத்தில் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இது ஒத்துவராமல் போகலாம்.

இந்த ஊசியைப் போட வேண்டிய மயக்க டாக்டருக்கு எல்லா ஊரிலும் எங்கே போவது என்ற கேள்விதான் உண்மையில் கனமானது. ஊசி போட்ட பிறகும் பக்கத்தில் ஆள் இருந்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. அங்கேயும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காவிரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் போக, பிரசவ வலியில் தவித்த பெண்ணிடம் சிவனே தாயாக வந்தார் என்பது திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை. துணை எவ்வளவு பெரிய மருந்து என்று அந்தக் கதையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பும் அதையே காட்டுகிறது: கூடவே ஒருவர் இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. துணையோடு ஊசியில்லாமலே பெற்றுக்கொள்கிறேன் என்பவளைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வலித்துப் பெற்றால்தான் பாசம் வரும் என்று மாமியாரோ, செலவுக் கணக்குப் பார்த்துக் கணவரோ அவளுக்காக முடிவெடுக்கக் கூடாது. வலி ஏறிய பிறகு நிதானமாக யோசிக்க முடியாது. எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே அவள் டாக்டரிடம் கேட்டுவிடலாம், இங்கே எபிடூரல் உண்டா, எவ்வளவு ஆகும், பிரசவ அறைக்குள் அம்மாவை விடுவீர்களா, ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தாலும் மயக்க டாக்டர் இருப்பாரா என்று.