புகுபதிகையும் விடுபதிகையும்: கொள்கலன் திரள்களில் அடையாளச்சீட்டின் வாழ்நாள்

பள்ளிக்கு வரும் விருந்தினர் வாயிற்காவல் கூடத்தில் பெயரைப் பதிந்து, கழுத்தில் அணியும் சீட்டொன்றைப் பெற்ற பின்னரே உள்ளே செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வேலை முடிந்து திரும்பும்போது அச்சீட்டை அவர் ஒப்படைக்க வேண்டும். சீட்டைப் பெற எவரும் மறப்பதில்லை. பெறாவிடில் கதவு திறக்காது. மறதி நேர்வது திருப்பிக் கொடுப்பதில்தான். கணினி வழங்கிகளுக்குள் மனிதருக்குப் பதிலாக நிரல்களே சென்று வரும் இக்காலத்தில், புகுவதைத் தானியக்கமாக்குவது எளிதாகிவிட்டது. விடுவதைத் தானியக்கமாக்குவதே இன்னும் அரைகுறையாக நிற்கிறது. இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது அந்த இரண்டாம் பாதியையே.

கலைச்சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு செயலியையும் அது இயங்கத் தேவையான அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டி, எந்தக் கணினியிலும் ஒரே வகையில் இயங்கச் செய்யும் அமைப்பைக் கொள்கலன் என்கிறோம். கப்பல் கொள்கலனிலிருந்தே இப்பெயர் வந்தது. 1972ஆம் ஆண்டில் தஞ்சோங் பகார் முனையத்துக்கு முதல் கொள்கலன் கப்பலை வரவேற்ற சிங்கப்பூரில் இவ்வுவமையை விளக்க வேண்டிய தேவை இல்லை. பல கணினிகள் சேர்ந்து ஒன்றுபோல் கொள்கலன்களை இயக்கும் தொகுதி, திரள் எனப்படும். அத்திரளை நடத்தும் மென்பொருள்களுள் முதன்மையானது கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட குபெர்னெட்டிஸ். கப்பலின் சுக்கானைப் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மீகாமன் என்னும் நம் பழஞ்சொல் அதற்கு நேராகும். அதன்மேல் ரெட் ஹாட் நிறுவனம் கட்டியெழுப்பிய தளம் ஓப்பன்ஷிஃப்ட். டோக்கன் என்பதற்குச் சிலர் வில்லை என்று எழுதுவர். நாம் அடையாளச்சீட்டு என்றே வழங்குகிறோம். சீட்டு என்றால் அதற்கொரு காலக்கெடு உண்டு என்னும் எண்ணம் உடன் வருவதே காரணம்.

கடவுச்சொல் இருக்கச் சீட்டு எதற்கு? கடவுச்சொல் ஒருவரின் முழு அடையாளத்துக்கும் திறவுகோல். அதை நிரலிடம் ஒப்படைத்தால், அந்நிரல் அவராகவே ஆகிவிடுகிறது. சீட்டோ, குறிப்பிட்ட உரிமைகளுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வழங்கப்படக் கூடியது. ஆனால் அதற்கொரு குறையும் உண்டு. 2012இல் வெளியான இணையத் தரநிலை இவ்வகைச் சீட்டுக்கு வைத்த பெயரின் பொருள் 'கையில் வைத்திருப்பவருக்கு உரியது' என்பதாகும். கீழே கிடந்த பத்து வெள்ளித் தாளை எடுத்தவர் எவரானாலும் கடையில் செலவிடலாம் அல்லவா? அதுபோல இச்சீட்டைக் காட்டுபவர் யார் என்று வழங்கி கேட்பதில்லை; சீட்டு செல்லுமா என்று மட்டுமே பார்க்கிறது.

திரள்களில் வழங்கும் சீட்டுகள் இருவகைப்படும். இவ்வேறுபாடு விளங்கினால் மற்றவை தாமாக விளங்கும் என்பதால் இங்குச் சற்று நிற்போம். முதல் வகை, பேரேட்டில் பதியப்படுவது. ஓப்பன்ஷிஃப்ட் தளத்தில் ஒருவர் புகுபதிகை செய்ததும் வழங்கி ஒரு நீண்ட எழுத்துச்சரத்தை அவருக்கு அளித்து, அதன் கணக்கிட்ட சுருக்கத்தைத் தன்னிடம் பதிந்துகொள்கிறது. மாற்றியமைக்காவிடில் அச்சீட்டின் ஆயுள் 24 மணி நேரம். இரண்டாம் வகை, கையொப்பமிடப்பட்டது. நிரல்களுக்கென உருவாக்கப்படும் சேவைக் கணக்குகளுக்கு குபெர்னெட்டிஸ் வழங்குவது இவ்வகையே. யாருக்கு உரியது, எந்நேரம் வரை செல்லும் என்பன சீட்டிலேயே எழுதப்பட்டு, வழங்கியின் மின்கையொப்பம் இடப்பட்டிருக்கும். வழங்கி அதைப் பேரேட்டில் குறித்து வைப்பதில்லை. கையொப்பம் சரியா, காலம் கடந்ததா என்று பார்த்தே முடிவு செய்கிறது.

பேரேட்டில் உள்ளதை அடித்துவிடலாம். எழுதியே வைக்காததை எப்படி அடிப்பது? விடுபதிகையின் சிக்கல் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியுள்ளது.

ஓப்பன்ஷிஃப்ட் கட்டளைவரியில் விடுபதிகைக் கட்டளையை இட்டால், வழங்கியின் பேரேட்டிலிருந்து அச்சீட்டு நீக்கப்படுகிறது. பயனரின் கணினியிலுள்ள அமைவுக்கோப்பிலிருந்தும் அழிக்கப்படுகிறது. அது மெய்யான விடுபதிகை. குபெர்னெட்டிஸின் பொதுக் கட்டளைக் கருவியிலோ புகுபதிகை என்றொரு கட்டளையும் இல்லை, விடுபதிகை என்றொரு கட்டளையும் இல்லை. அமைவுக்கோப்பில் சீட்டு இருந்தால் உள்ளே இருக்கிறோம். கோப்பை அழித்தால் வெளியே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அச்சீட்டின் நகலொன்று வேறெங்கேனும் இருந்தால், காலக்கெடு முடியும்வரை அது செல்லும். கெடுவுக்கு முன்பே அதைச் செல்லாததாக்க வேண்டுமானால், அச்சீட்டு எதனோடு பிணைக்கப்பட்டதோ அந்தப் பொருளை, அதாவது அந்தச் சேவைக் கணக்கையோ அதன் கீழுள்ள வேறொரு பொருளையோ, திரளிலிருந்து நீக்க வேண்டும். இதை அறியாமல் 'வெளியேறிவிட்டோம்' என்று எழுதி முடிக்கும் நிரல்கள் ஏராளம்.

இனித் தானியக்கத்துக்கு வருவோம். கையால் செய்யும்போது பணியாளர் இணையப்பக்கத்தில் புகுபதிகைக் கட்டளையை நகலெடுத்து, முனையத்தில் ஒட்டி, வேலையைத் தொடங்குவார். பத்துத் திரள்களில் இரவு இரண்டு மணிக்கு ஒரே பணியைச் செய்ய வேண்டுமானால் இது ஒவ்வாது. ஆகவே கட்டளைகளைத் தொகுத்து ஒரு நிரலாக எழுதுகிறோம். தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் சீட்டை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவார். அந்நிரல் களஞ்சியத்துக்குப் போகும். களஞ்சியம் நண்பருக்குப் போகும். கட்டளைவரியில் தட்டச்சு செய்தாலும் அது முனையத்தின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும். கட்டளை இயங்கும் நேரத்தில் அதே கணினியைப் பயன்படுத்தும் பிறர் இயங்குநிரல் பட்டியலிலும் அதைப் படித்துவிடக் கூடும். உரியவர் மட்டுமே படிக்கக்கூடிய தனிக்கோப்பில் சீட்டை வைத்து, அக்கோப்பின் இருப்பிடத்தை மட்டும் நிரலுக்குச் சொல்வதே தக்கது.

அமைவுக்கோப்பிலும் ஓர் இடர் உண்டு. கருவி இயல்பாகப் பயன்படுத்தும் கோப்பு ஒவ்வொரு பயனருக்கும் ஒன்றே. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் அதைப் பகிர்ந்துகொண்டால், ஒன்று விடுபதிகை செய்தவுடன் மற்றொன்று நடுவழியில் நிற்கும். அதைவிடக் கொடியது, ஒன்று சோதனைத் திரளிலிருந்து உண்மைத் திரளுக்கு மாற, மற்றொன்று தான் சோதனைத் திரளில் இருப்பதாக எண்ணி அழித்தல் கட்டளையை இடுவது. ஆதலின் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தற்காலிகக் கோப்பொன்றை உருவாக்கி, சூழல்மாறி வழியாக அதையே பயன்படுத்துமாறு கருவிக்கு உணர்த்துதல் வேண்டும்.

விடுபதிகையை நிரலின் கடைசி வரியில் எழுதுவது போதாது. இடையில் பிழை ஏற்பட்டு நிரல் நின்றுவிட்டால் கடைசி வரி வரவே வராது. பாஷ் என்னும் கட்டளைமொழியில் 'ட்ராப்' என்றொரு கட்டளை உண்டு. எவ்வகையில் முடிந்தாலும் முடியும் தருணத்தில் இன்னது செய்க என்று நிரலின் தலைப்பிலேயே சொல்லி வைக்க அது உதவும். விடுபதிகையும் தற்காலிகக் கோப்பை அழித்தலும் அங்கே இடம்பெற வேண்டும். புகுமுன்னரே வெளியேறும் வழியை எழுதி வைப்பது முதலில் விந்தையாகத் தோன்றும். பழகினால் அதுவே இயல்பாகிவிடும்.

இதற்கும் எல்லை உண்டு. இயங்குதளம் ஒன்பதாம் எண் குறிகையை அனுப்பி நிரலைக் கொன்றால் எந்த ட்ராப்பும் இயங்காது. மின்சாரம் நின்றாலும் அப்படியே. விடுபதிகை நடவாமல் போகும் நாள் ஒன்று வரும் என்று எண்ணியே திட்டமிட வேண்டியிருக்கிறது. அந்நாளில் நம்மைக் காப்பது சீட்டின் குறுகிய ஆயுள் மட்டுமே.

குபெர்னெட்டிஸ் இவ்வழிக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 2022இல் வந்த 1.24 பதிப்புக்கு முன்னர், சேவைக் கணக்கு ஒன்றை உருவாக்கினாலே காலக்கெடு இல்லாத சீட்டொன்று தானாகப் பிறந்து திரளில் கிடக்கும். அதன்பின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. வேண்டும்போது, வேண்டிய காலத்துக்குக் கேட்டுப் பெறும் முறை வந்தது. குறைந்த அளவு பத்து நிமிடம். கொள்கலனுக்குள் இயங்கும் நிரலுக்குச் சீட்டு ஒரு கோப்பாக வைக்கப்பட்டு, ஆயுளில் 80 விழுக்காடு கழிந்ததும் புதுப்பிக்கப்படுகிறது. ஆயினும் பழைய நிரல்கள் சில சீட்டைத் தொடக்கத்தில் ஒருமுறை படித்து அதையே பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு இடம்கொடுக்கும் பொருட்டு, ஒரு மணி நேரத்துக்கெனக் கருதப்பட்ட அச்சீட்டை ஓராண்டு வரை செல்லுபடியாக விடுவதே வழங்கியின் இயல்பான அமைப்பாக வைக்கப்பட்டது. கொள்கலன் நீக்கப்பட்டால் அச்சீட்டும் செல்லாது என்பதே ஆறுதல். பழையவற்றுக்கு இரங்கும் இத்தகைய சலுகைகளை நாம் ஐயத்துடனேயே பார்க்கிறோம்.

நீண்ட ஆயுள் என்ன செய்யும் என்பதற்குப் பொதுவில் அறியப்பட்ட சான்று, கோட்கவ் நிறுவனத்தில் நிகழ்ந்தது. நிரல் சோதனைகளின் அளவைக் கணக்கிட உதவும் அந்நிறுவனத்தின் கட்டளைத் தொகுப்பு ஒன்று 2021 ஜனவரி 31 முதல் அயலாரால் திருத்தப்பட்டு வந்தது. கொள்கலன் படிமம் உருவாக்கும் முறையிலிருந்த பிழையின் வழியே கிடைத்த அடையாளச் சான்றே திருடருக்கு வாயிலாயிற்று. திருத்தப்பட்ட தொகுப்பு, அதைப் பயன்படுத்திய நிறுவனங்களின் தானியக்கச் சூழலிலிருந்த சூழல்மாறிகளை வெளியே அனுப்பியது. அவற்றுள் சீட்டுகளும் திறவுகோல்களும் இருந்தன. ஏப்ரல் 1 அன்று வாடிக்கையாளர் ஒருவர் தொகுப்பின் சரிபார்ப்பெண் பொருந்தாமையைக் கண்டு தெரிவிக்கும்வரை இது தொடர்ந்தது. இரண்டு மாதம்! ஒரு மணி நேரச் சீட்டாயின் அவ்வெளிநாட்டு வழங்கியைச் சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை கைவிரித்திருக்கும். ஆண்டுக்கணக்கில் செல்லுபவையோ ஒவ்வொன்றாகத் தேடி மாற்றப்பட வேண்டியவையாயின.

சர்க்கிள்சிஐ நிறுவனத்தின் செய்தி இன்னும் நுண்ணியது. 2022 டிசம்பரில் அதன் பொறியாளர் ஒருவரின் மடிக்கணினியில் புகுந்த தீநிரல், ஈரடுக்குச் சரிபார்ப்பை முறையாகக் கடந்து பெறப்பட்ட அமர்வுச் சான்றைத் திருடியது. கடவுச்சொல்லும் இரண்டாம் சரிபார்ப்பும் தம் கடமையைச் செய்து முடித்த பின்னர் கிடைத்த சீட்டு அது. 2023 ஜனவரி 4 அன்று அந்நிறுவனம் தன் வாடிக்கையாளர் அனைவரையும் தம் இரகசியங்களை மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது.

வகுப்பறையில் இதைச் செய்து காட்ட ஆசிரியர்கள் விரும்பினால் பெரிய வசதி தேவையில்லை. மடிக்கணினியிலேயே இயங்கும் மினிகியூப் என்னும் சிறு திரள் போதும். சேவைக் கணக்கொன்றுக்குப் பத்து நிமிடச் சீட்டைப் பெற்று ஒரு தாளில் எழுதாக் குறையாக நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள். பின்னர் அச்சீட்டை மட்டுமே கொண்ட புதிய அமைவுக்கோப்பை உருவாக்கி, 'நான் யார்' என்று திரளைக் கேட்கும் கட்டளையை இட்டால், கணக்கின் பெயர் விடையாக வரும். இப்போது அமைவுக்கோப்பை அழித்துவிட்டு, மாணவரிடம் கேளுங்கள்: நாம் வெளியேறிவிட்டோமா? ஆம் என்றே பலரும் சொல்வர். நகலிலிருந்த சீட்டைக் கொண்டு மீண்டும் கேட்டால் அதே பெயர் திரும்ப வரும். அப்படியே விட்டு, வேறு பாடத்தைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் கடந்தபின் அதே கேள்வியை மறுபடி கேட்கச் செய்யுங்கள். அப்போதுதான் வழங்கி 401 என்னும் எண்ணைத் திருப்பி அனுப்பும்.