கிளிங்கான் நெற்றி
ஒப்பனை ஒட்டுத்துண்டு, நுரை லேடெக்ஸ்
'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், 1987–1994

கிளிங்கான் வேற்றுக்கிரகவாசியாக நடிப்பவரின் புருவத்துக்கு மேல் இத்தகைய துண்டு ஒட்டப்பட்டது. விளிம்பைக் கவனியுங்கள். தோலோடு கலந்து மறைவதற்காக மிக மெல்லியதாக வார்க்கப்பட்டுள்ளது. கழற்றும்போது எளிதில் கிழிந்துவிடும் என்பதால், இவ்வகைத் துண்டுகள் பெரும்பாலும் ஒருமுறைதான் பயன்படும்.

1967இல், மூல 'ஸ்டார் ட்ரெக்' தொடரில், கிளிங்கான்கள் முதலில் திரையில் தோன்றியபோது இந்த நெற்றி இல்லை. வெள்ளையின நடிகர்களின் முகத்தில் கரும்பழுப்பு நிறம் பூசி, அடர்ந்த புருவமும் தாடி மீசையும் வைத்து அவர்களை எதிரிகளாகக் காட்டினார்கள். பிற இனத்தாரைச் சாயம் பூசிச் சித்தரிக்கும் ஹாலிவுட்டின் பழைய வழக்கம் அதில் தொடர்ந்தது.

எலும்பு மேடிட்ட நெற்றி 1979ஆம் ஆண்டு 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்தில் அறிமுகமானது. 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்கு ஒப்பனையை வடிவமைத்தவர் மைக்கேல் வெஸ்ட்மோர். கறுப்பின நடிகர் மைக்கேல் டார்ன், வோர்ஃப் என்ற கிளிங்கான் அதிகாரியாக நடித்தார். எதிரியாகவே அறிமுகமான இனத்துக்கு அவர் மானமும் மனப்போராட்டமும் கொண்ட ஒரு முகத்தைத் தந்தார்.

ஆனாலும் கிளிங்கானாக நடித்த வெள்ளையினத்தவருக்குப் பழுப்புச் சாயம் பூசுவது நிற்கவில்லை. கற்பனை இனத்துக்கு உருவம் கொடுக்கும்போதும், உண்மை மனிதர்களின் நிறத்தை அச்சத்தின் அடையாளமாக்காதிருக்கும் பொறுப்பு கலைஞர்களுக்கு உண்டு.