சான்றிதழ் உங்களுக்கு, மதிப்பெண் யாருக்கு?

“மார்ச் 31-க்குள் கிளவுட் சர்டிஃபிகேஷனைப் புதுப்பிக்காவிட்டால் அப்ரைசலில் கைவைப்பார்களா?” ஐ.டி. துறை வாசகர்களின் கடிதங்களில் இரண்டு வாரமாக இதே கேள்விதான். புதுப்பித்தலையும் மறுதேர்வையும் பலர் ஒன்றென நினைத்துப் பதறுகிறார்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் அசோசியேட், எக்ஸ்பர்ட் நிலைச் சான்றிதழ்கள் ஓராண்டு செல்லும். அது முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம். கட்டணம் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, வீட்டில் உட்கார்ந்து ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தே விடையளிக்கலாம். முன்கூட்டி முடித்தாலும் நாள் வீணாகாது. பழைய காலாவதித் தேதியிலிருந்துதான் அடுத்த ஓராண்டு தொடங்கும். தேதியைத் தவறவிட்டால் மட்டுமே பணம் கட்டி முழுத் தேர்வு எழுத வேண்டும். கடைசி நிமிடம் யுடிசி நேரப்படி இரவு 11.59, அதாவது நமக்கு மறுநாள் அதிகாலை 5.29.

“உங்கள் திறனைக் கூர்மையாக வைத்திருக்கவே இந்தக் கெடு” என்கின்றன நிறுவனங்கள். அதில் பாதிதான் உண்மை. மீதியைத்தான் யாரும் ஊழியரிடம் சொல்வதில்லை.

2022 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் பார்ட்னர் திட்டத்தை மாற்றியமைத்தது. ஓர் ஐ.டி. நிறுவனம் ‘சொல்யூஷன்ஸ் பார்ட்னர்’ தகுதி பெற 100-க்குக் குறைந்தது 70 மதிப்பெண் எடுக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி, எத்தனை ஊழியர்களிடம் குறிப்பிட்ட சான்றிதழ்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நீங்கள் தேர்ச்சி பெற்றால் மட்டும் அது நிறுவனத்தின் கணக்கில் ஏறாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் லேர்ன் கணக்கை நிறுவனத்தின் பார்ட்னர் கணக்கோடு இணைக்க வேண்டும். ‘இந்த லிங்க்கை இன்றே கிளிக் செய்யவும்’ என்று வரும் ஒற்றை வரி மெயில் பெரும்பாலும் அதற்காகத்தான். உங்கள் சான்றிதழ் காலாவதியானால் நிறுவனத்துக்கும் ஒரு தலை குறைகிறது. அமேசான் வெப் சர்வீசஸும் தன் பார்ட்னர்களைத் தரம் பிரிக்கும்போது சான்றிதழ் பெற்றவர்களை எண்ணுகிறது.

நிறுவனம் தகுதி தேடுவதை நான் குறை சொல்லவில்லை. மதிப்பெண்ணில் எங்கே ஓட்டை விழுகிறதோ அந்தச் சான்றிதழுக்கு ஊழியரைத் தள்ளிவிட்டு, அதை அவருடைய வளர்ச்சி என்று பெயரிடுவதுதான் என்னை உறுத்துகிறது. சோழிங்கநல்லூர் வாசகி ஒருவர், ஒன்பது ஆண்டு ஜாவாவில் வேலை பார்த்தவர், ஆறு சான்றிதழ் வைத்திருக்கிறார். ஐந்தை எந்த ப்ராஜெக்ட்டிலும் தொட்டதில்லை. வெளியே இன்டர்வியூவில் கேட்டது ஒன்றே ஒன்று: நடுராத்திரி ப்ரொடக்‌ஷன் சர்வர் விழுந்தால் முதலில் எந்த லாகைத் திறப்பீர்கள்? “பதில் வரவில்லை, சார். அந்த அறைக்குள் என்னை யாரும் விட்டதே இல்லை” என்று எழுதியிருக்கிறார். அடுத்த முறை சான்றிதழ் எடுக்கச் சொன்னால், எந்த ப்ராஜெக்ட்டில், எந்த மாதம் அதைக் கொண்டு வேலை தருவீர்கள் என்று மெயிலிலேயே கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

மற்ற கேள்விகள்:

அலுவலக மெயிலில் பதிவு செய்யலாமா? சொந்த மெயிலையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். வேலையை விட்டால் அலுவலக மெயில் மூடப்படும்.

அடிப்படை நிலைச் சான்றிதழ்? மைக்ரோசாஃப்ட்டின் ‘ஃபண்டமென்டல்ஸ்’ காலாவதியாவதில்லை.

அமேசான் சான்றிதழ் எத்தனை நாள்? மூன்று ஆண்டு.

தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் கட்டினால்? விலகும்போது பிடித்துக்கொள்வார்களா என்று வேலை ஒப்பந்தத்தில் இன்றே பாருங்கள்.